கோடைக் குளத்துக்கு ஒரு அல்ட்ராலைட் தூண்டில் செட்: கோல் அருமை, ரீல்தான் படுத்துகிறது

ஐந்தரை அடி அல்ட்ராலைட் (மிக லேசான) கோல், இரண்டு துண்டு, 1000 அளவு சின்ன ஸ்பின்னிங் ரீல், கூடவே ஜிக் (தலையில் எடை வைத்த முள்), தக்கை, முள் எல்லாம் அடைத்த ஒரு சின்னப் பெட்டி. எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த விலையில் தொங்குகிற செட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஸ்டிக்கரைத் தவிரப் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜார்ஜியா வெயிலில், வீட்டுக் குடியிருப்பை ஒட்டிய குளங்களில், புளூகில் என்ற சின்ன மீனுக்கும் அதைத் தின்கிற பாஸ் மீனுக்கும் இதை ஒரு கோடை முழுக்க வைத்துப் பார்த்தாயிற்று. கோலுக்காக வாங்கலாம். ரீலை நம்பி வாங்காதீர்கள்.

முதலில் கோல். நுனி நல்ல மெலிசு, ஆனால் கைப்பிடிக்கு மேலே ஒரு அடி தூரம் விறைப்பாக நிற்கிறது. 1/16 அவுன்ஸ் ஜிக் என்றால் கிட்டத்தட்ட 1.8 கிராம்தான், அதை வீசுவதற்கு கோல் வளைந்து கொடுக்க வேண்டும், இது கொடுக்கிறது. மணிக்கட்டை லேசாகச் சுண்டினாலே போதும், கரையிலிருந்து பாசி விளிம்பு வரை தாராளமாகப் போகும். புளூகில் பார்க்க நம்ம ஊர் ஜிலேபி மாதிரி தட்டையான மீன், அதைத் தலையோடு நேராக இழுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. மாட்டியதும் உடம்பைக் குறுக்கே திருப்பி, அந்த அகலத்தை அப்படியே தண்ணீருக்கு எதிராக வைத்துக்கொண்டு வட்டம் போட ஆரம்பிக்கும். கையகல மீன்தான், ஆனால் இந்தக் கோலில் நுனி தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளையும், நரம்பு (தூண்டில் நூல்) கீச்சென்று சத்தம் போடும். இதையே மீடியம் ஹெவி என்கிற விறைப்பான கோலில் பிடித்தால் மீன் மாட்டியதே தெரியாமல் சுருட்டிக் கொண்டுவந்து விடுவீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

இன்னொன்று, புளூகில் கோடையில் ஒருமுறையோடு முட்டையிடுவதை நிறுத்தாது, தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகு சீசன் முழுக்கப் பல சுற்று இடும். கரையோர ஆழமில்லாத இடத்தில் வட்ட வட்டமாகப் பள்ளம் தோண்டி, ஒன்றை ஒட்டி ஒன்று, ஆண் மீன்கள் காவல் நிற்கும். அந்தப் பக்கம் தக்கைக்கு அடியில் ஒரு அடி விட்டு மண்புழுவைத் தொங்கவிட்டால் உடனே தக்கை உள்ளே போய்விடும். சாப்பாட்டுக்குப் பிடிப்பவர்கள் அங்கே நின்று பெரிய ஆண்களாகவே அள்ளிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியதெல்லாம் போய்விட்டால் சின்ன ஆண்கள் வளராமலேயே முட்டைக் காவலுக்கு வந்துவிடும், அப்புறம் குளம் முழுக்க விரல் நீள மீன்தான்.

சரி, ரீலுக்கு வருவோம். குறை இங்கேதான். கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறது, பெயில் (நரம்பை ரீலில் சுற்றவைக்கும் கம்பி) மூடும்போது தகரச் சத்தம் வருகிறது, இதையெல்லாம் பொறுத்துக் கொள்ளலாம். டிராக்கைப் பொறுத்துக் கொள்ள முடியாது. மீன் இழுத்தால் நரம்பு சீராக வெளியே போக வேண்டும், அதுதான் டிராக்கின் வேலை. இந்த ரீலில் முதல் இழுப்புக்கு அது ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு திடீரென்று விடும், மறுபடி பிடிக்கும். 4 பவுண்ட் இழுவை தாங்கும் நரம்பில் அந்த முதல் வினாடி போதும், மீனும் போய்விடும், ஜிக்கும் போய்விடும். புளூகிலுக்குப் பரவாயில்லை. ஒன்றரை பவுண்ட் பாஸ் வந்தாலே பல்லிளித்து விடுகிறது. ஸ்பூலை (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) கழற்றி உள்ளே இருக்கும் வாஷர்களுக்கு டிராக் கிரீஸ் ஒரு துளி தேய்த்த பிறகு பாதி சரியானது. புது ரீலுக்கு இந்த வேலையெல்லாம் நான் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ரீலில் ஏற்கெனவே சுற்றி வரும் நரம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் உருவிக் குப்பையில் போடுங்கள். எத்தனை மாதம் கடையில் தொங்கியதோ, சுருள் சுருளாகவே வெளியே வருகிறது, லேசான ஜிக்கால் அந்தச் சுருளை நேராக்க முடியாது. நான் போட்டது 10 பவுண்ட் பிரெய்ட், அதாவது பின்னிய நரம்பு. தடிமன் 2 பவுண்ட் மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) அளவுதான், அதனால் வீச்சு குறையவில்லை. அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்ட் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூலில் அது வழுக்கிச் சுற்றும். முன்னால் நாலு அடிக்கு 6 பவுண்ட் ஃபுளோரோகார்பன் நரம்பு, இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு. பெயிலை எப்போதும் கையாலேயே மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் நரம்பு முறுக்கேறி ஒருநாள் மொத்தமாகச் சிக்கும்.

நரம்பு மாற்றச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது பாஸைப் பற்றியது. இங்கே குளத்தில் புளூகில் இருந்தால் பாஸும் இருக்கும் என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிள் 1930-களில் தொடங்கிய குள ஆராய்ச்சியிலிருந்து வந்த ஜோடி அது, புளூகில் பெருகும், பாஸ் அதைத் தின்று கட்டுக்குள் வைக்கும். அதனால் புளூகிலுக்குப் போட்ட ஜிக்கைப் பாஸ் விழுங்குவது தினமும் நடக்கிற விஷயம். நடு ஜூலையில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதுவும் முழுசாகக் கிடைக்காது, பாசியும் செடியும் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜனை எடுப்பதால் விடியும்போதுதான் குளத்தில் அது மிகக் குறைவு. மீன் நன்றாக இரை எடுப்பதும் அந்த நேரத்தில்தான், என்ன செய்ய. மெல்லிய நரம்பு, பலமில்லாத ரீல் வைத்துக்கொண்டு மூன்று பவுண்ட் பாஸை ரொம்ப நேரம் இழுத்து விளையாடிவிட்டுத் திருப்பி விட்டால், அது நீந்திப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நான் பாஸ் இருக்கும் மூலைக்கு இந்தக் கோலை எடுத்துப் போவதில்லை.

கூட வரும் பெட்டியைப் பற்றி. தக்கைகள் நன்றாக இருக்கின்றன. முட்கள் பெரிது, புளூகிலுக்கு வாய் ரொம்பச் சின்னது, 8-ஆம் எண் நீளக் காம்பு முள் தனியாக வாங்கிக் கொள்ளுங்கள், காம்பு நீளமாக இருந்தால் விழுங்கியதைக்கூட எளிதாக எடுக்கலாம். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஜிக்குகள் எல்லாம் ஈயம். ஜார்ஜியாவில் பிரச்சினை இல்லை, நியூ ஹாம்ஷயர், மாசசூசெட்ஸ் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமலேயே ஒதுக்கி வையுங்கள், லூன் என்கிற நீர்ப்பறவைகள் விழுங்கிச் சாவதால் நன்னீரில் இந்த அளவு ஈய ஜிக்குக்கு அங்கே தடை. அட்டையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, எல்லா மாநிலத்திலும் விற்கிற சாமானில் போட்டிருக்க வேண்டாமா? ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் ஜிக் வாங்கலாம், விலை அதிகம், ஆனால் அதே எடைக்கு உருவம் சின்னது.

விலையைப் பற்றி ஒரு இடைச்செருகல். தூண்டில் சாமான்கள் மேல் தயாரிப்பாளர் கட்டும் 10 சதவீத மத்திய வரி 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மீன்வளத் துறைகளுக்குத்தான் போகிறது. மீன்குஞ்சு விடுவது, படகுத்துறை கட்டுவது எல்லாம் அதிலும் லைசென்ஸ் பணத்திலும்தான். ஜார்ஜியாவில் 16 வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் எடுத்துவிட்டுப் போங்கள், குடியிருப்புக் குளம்தானே என்று விட்டுவிடாதீர்கள், தனியார் குளத்துக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சின்னப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் ஸ்பின்னிங் வேண்டாம். பொத்தான் அமுக்கி வீசுகிற மூடி ரீல் போதும். 1940-களின் கடைசியில் ஆர். டி. ஹல் என்ற கடிகாரக்காரர், எண்ணெய்க் கிணற்றுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்த டல்சா கம்பெனி ஒன்றுக்குக் கொண்டுபோய்க் காட்டிய ரீலிலிருந்து வந்த ஜெப்கோ இன்றைக்கும் அந்த வேலைக்குக் கச்சிதம், சிக்கல் எடுப்பதிலேயே உங்கள் காலைப்பொழுது போகாது. பாஸ்தான் முக்கியம், குளத்திலும் பாசி அடர்த்தி என்றால் ஆறடி மீடியம் லைட் கோல், 2000 அளவு ரீல், 8 பவுண்ட் நரம்பு. புளூகிலின் சுகம் கொஞ்சம் குறையும்தான்.

இதையே வாங்குவதென்றால் கடையிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை கோலில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள், பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் கீறல், நரம்பை அறுக்கும், வேறு கோலை எடுங்கள். அப்புறம் டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பைக் கையால் மெதுவாக இழுங்கள், தயங்கித் தயங்கி வந்தால் அடுத்த பெட்டியை இறக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.