கோட்ஸ்பெல்: நிரல் ஆவணப் பிழைகளைத் திருத்த நான் நம்பும் கருவி

பைத்தான் என்ற நிரல்மொழியின் ஆவணங்களையும், சில சிறிய நிரல் நூலகங்களின் (லைப்ரரி) கையேடுகளையும் படித்து, எழுத்துப்பிழை கண்டால் திருத்தி அனுப்புவது எனக்குப் பல வருடப் பழக்கம். வேலை முடிந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது படித்துக் குறித்துக்கொள்வேன், வீட்டில் திருத்துவேன். இத்தனை காலமும் துணைக்கு இருப்பது கோட்ஸ்பெல் என்ற இலவசக் கருவி.

வழக்கமான பிழைதிருத்திகள் தங்கள் அகராதியில் இல்லாத சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு போடும். மாறி (வேரியபிள்), செயற்கூறு (ஃபங்ஷன்) ஆகியவற்றின் பெயர்கள் நிறைந்த நிரல் ஆவணத்தில் அது பெரிய தொல்லை. கோட்ஸ்பெல்லிடம் இருப்பது அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியல். அதில் உள்ளதை மட்டும் பிடிக்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. நாம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 'கலர்', 'பிஹேவியர்' இரண்டிலும் 'யு' சேர்த்து எழுதிப் பழகியவர்கள். அதையும் அது பிழை என்பதில்லை. அமெரிக்க முறைக்கு மாற்றும் பட்டியல் தனியாக உண்டு, கேட்டால்தான் வரும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், "அண்ணே, ஒரே ஒரு எழுத்து. இதுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று கேட்டார். சில நாள் கழித்து அவரே ஒரு கையேட்டைப் பார்த்து நிரல் எழுதி, 'டைப்எரர்' என்ற பிழைச்செய்தி வந்து தவித்துக்கொண்டிருந்தார். 'செபரேட்டர்' என்ற அளவுருவின் (பாராமீட்டர்) பெயரில் 'பி'க்குப் பின் 'ஏ' வர வேண்டும். கையேட்டில் 'ஈ' இருந்தது. தான் எழுதியதில்தான் தப்பு என்று நினைத்து மதியம் முழுக்கத் தேடியிருக்கிறார். புதிதாகக் கற்பவர் ஆவணத்தைச் சந்தேகப்பட மாட்டார். இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்குக் காரணமே அதுதான்.

கோட்ஸ்பெல்லை இயக்கும் கட்டளையில், தானாகத் திருத்தி எழுதும் 'ஹைஃபன் டபிள்யூ' ஆப்ஷனை மட்டும் தனியாகப் போடாதீர்கள். 'ஹைஃபன் ஐ 3' சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டு மாற்றும். சில பிழைகள் பிழையாகவே இருக்க வேண்டும். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறையில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் 'ரெஃபரர்' தலைப்புவரி (ஹெட்டர்), ஓர் 'ஆர்' குறைந்தபடியே 1996-இல் ஆர்எஃப்சி 1945 என்ற எண்ணுள்ள இணைய ஆவணத்தில் இடம்பெற்று நிலைத்துவிட்டது. உதாரண நிரலில் அதைச் 'சரி' செய்தால் சர்வருக்குப் புரியாது. வரைபட நிரல்களில் 'ஹிஸ்டோகிராம்' என்பதற்கு வரும் 'ஹிஸ்ட்' போன்ற சுருக்கங்களையும் கோட்ஸ்பெல் பிடிக்கும். அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம்.

இன்னொன்று, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொழிபெயர்க்கப்படும் ஆவணத்தில் மூல வரியில் ஓர் எழுத்து மாறினாலும் எல்லா மொழிகளிலும் அந்த வரி மறுபார்வைக்கு வந்து நிற்கும். அதனால் ஒரு பக்கத்தின் திருத்தங்களை ஒன்றாகச் சேர்த்தே அனுப்புகிறேன்.

குறைகளும் உண்டு. 'ஃப்ரம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' வந்தால் அதற்குத் தெரியாது, இரண்டும் சரியான சொற்களாயிற்றே. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தாலும் விட்டுவிடும். கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு இது உதவாது. அதற்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய 'வாணி' என்ற தமிழ்ப் பிழைதிருத்தி இருக்கிறது.