ஃபிட்ரிச்சா, ஸ்கோரா: யாருடைய இழப்பு பெரிது?

அமெரிக்க பேஸ்பாலில் சட்டென மின்னி மறைந்த பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) என்றால் இரண்டு பெயர்கள் வரும்: டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மார்க் ஃபிட்ரிச், கிளீவ்லாந்து அணியின் ஹெர்ப் ஸ்கோர்.

ஃபிட்ரிச்சுக்கு 1976 என்ற ஒரே ஒரு ஆண்டுதான். 19 வெற்றி, 9 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.34தான். பந்தோடு பேசுவார், மண்டியிட்டு, பந்து வீசும் மேட்டின் மண்ணைக் கையால் சரிசெய்வார். அவரைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. ஆனால் 21 வயதுப் பையனை 29 ஆட்டங்களைத் தொடங்க வைத்து, அதில் 24ஐ முழுசாக வீச விட்டார்கள். இன்றைய பயிற்சியாளர் யாரும் இதற்குத் துணிய மாட்டார். அடுத்த ஆண்டே முதலில் முழங்கால், அப்புறம் தோள். 1980க்குப் பிறகு பெரிய லீகில் அவர் இல்லை.

ஸ்கோர் வேறு ரகம், வேகமே ஆயுதம். 1955இல் 245 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது), மறு ஆண்டு 263, கூடவே 20 வெற்றி. 1957 மே மாதம் எதிரணி மட்டையாளர் கில் மெக்டூகல்ட் அடித்த பந்து நேராக அவர் கண்ணைத் தாக்கியது. அவர் சரிந்ததற்குக் காரணமாக எல்லோரும் அந்த அடியைத்தான் சொல்வார்கள். அவரோ 1958இல் வந்த கைக் காயமே காரணம் என்றார்.

புகழில் ஃபிட்ரிச் முந்துவார், சரி. திறமையை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஸ்கோருக்கே. இரண்டு முழு சீசன் நிரூபித்தவர் அவர்தான்.