5 வாரத்தில் இவ்வளவு குறையும் என்று ஆப் சொல்வதை நம்பலாமா? நான்கு வகைக் கணிப்புகள், ஓர் ஒப்பீடு

மைஃபிட்னஸ்பால் என்ற கலோரி எழுதும் ஆப்பில் அன்றைய டைரியை முடித்ததும் ஒரு வரி வரும்: எல்லா நாளும் இன்று போலவே இருந்தால் 5 வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு. கலோரி எழுதிப் பழகிய எல்லோரும் அந்த எண்ணை ஒருமுறையாவது ஆசையோடு பார்த்திருப்போம். 5 வாரம் கழித்து அது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தவர்கள்தான் குறைவு, பார்த்தவர்களில் பலர் ஆப்பை விட்டுவிட்டுத் தன் உடம்பையே குறை சொல்லியிருப்பார்கள்.

எடையைக் கணிக்கும் கருவிகளை மொத்தமாகப் பார்த்தால் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒரு நாள் சாப்பாட்டை வைத்து நேர்கோடு போடுபவை, உடல் எப்படி மாறும் என்ற கணித மாதிரியை வைத்துச் சொல்பவை, சாப்பாட்டையே கேட்காமல் எடையின் போக்கை மட்டும் பார்ப்பவை, சாப்பாட்டையும் எடையையும் சேர்த்துவைத்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்பவை. நான்கும் வேறு வேறு இடத்தில் தப்பு செய்கின்றன, அதனால் எது துல்லியம் என்பதைவிட எத்தனை நாளுக்கான கணிப்பு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நேர்கோட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு 35 வயது ஆண், 170 செ.மீ. உயரம், 80 கிலோ. பெரும்பாலான ஆப்கள் பயன்படுத்துவது 1990-ல் வந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம். அதில் போட்டால் சும்மா படுத்திருந்தாலே உடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,690 கலோரி. இதை நடமாட்டத்துக்கு ஏற்ப ஒரு எண்ணால் பெருக்குவார்கள்: உட்கார்ந்தே வேலை என்றால் 1.2, லேசான நடமாட்டம் என்றால் 1.375. முதலாவதில் 2,030 வரும், இரண்டாவதில் 2,330.

லேசான நடமாட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், செலவை 2,300 என்றே வைத்துக்கொள்வோம். இன்று 1,700 கலோரி சாப்பிட்டதாக எழுதினால் பற்றாக்குறை 600. அதை 35 நாளால் பெருக்கி, ஒரு கிலோவுக்கு 7,700 என்று வகுத்தால் 2.7 கிலோ குறையும், 77.3 என்று காட்டும். ஆப்புக்கு ஆப் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம், ஆனால் கணக்கின் எலும்புக்கூடு இதுதான். இப்போது அதே நாளில் சமைக்க ஊற்றிய எண்ணெயையும் மாலையில் கொறித்ததையும் எழுத மறந்துவிட்டார், பதிவில் 1,300 என்று நிற்கிறது: கணிப்பு 75.5-க்கு இறங்கும். மறுநாள் ஒரு விருந்து, 3,000 கலோரி: 83.2. இரண்டு நாளைக்குள் கணிப்பு 7 கிலோவுக்கு மேல் ஆடிவிட்டது, உடம்பில் உண்மையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ஓவரில் அடித்த ரன்னை வைத்து மொத்த இன்னிங்ஸுக்கும் ஸ்கோர் போடுகிற வேலைதான் இது.

அமைப்புகளில் ஒரே ஒரு தேர்வை மாற்றினாலும் போதும். லேசான நடமாட்டம் என்பதை உட்கார்ந்தே வேலை என்று மாற்றினால் அதே 1,700 கலோரிக்கு 78.5 காட்டும். பலரும் தன் நடமாட்டத்தை ஒரு படி கூட்டித்தான் சொல்வோம், மனித சுபாவம்.

இந்த வகையில் எனக்குப் பெரிய எரிச்சல் துல்லியமின்மை இல்லை. குறைவாக எழுதினால் நல்ல எண் வருகிறது என்பதுதான். எண்ணெயை மறந்தவருக்கு ஆப் பரிசு தருகிறது, ஒழுங்காக எல்லாவற்றையும் எழுதியவருக்குச் சுமாரான எண்ணைக் காட்டுகிறது. பதிவு செய்யும்போதே இலக்குத் தேதி சொல்லி ஆசை காட்டும் ஆப்களும் இதே கணக்கைத்தான் கொஞ்சம் அழகாக வரைந்து தருகின்றன.

அந்த 7,700 எங்கிருந்து வந்தது? 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதினார், அதைக் கிலோவுக்கு மாற்றியது. கொழுப்புத் திசுவில் அடங்கியிருக்கும் ஆற்றல் என்ற அளவில் அது ஒன்றும் மோசமான எண் இல்லை. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் வருடக்கணக்கில் அதையே நீட்டுவதுதான் தப்பு. செலவு குறைவதால் எடைக் கோடு நேராகப் போகாமல் மெல்ல வளைந்து தட்டையாகும், 5 வாரத்துக்கு அந்த வளைவு பெரிய விஷயமே இல்லை, அங்கே ஆட்டத்தைக் கெடுப்பது நாம் எழுதும் சாப்பாட்டுக் கணக்கும் நாம் சொல்லும் நடமாட்டமும்தான்.

கணித மாதிரி

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-ல் லான்செட் இதழில் வெளியிட்ட மாதிரி இந்த வளைவைப் பிடிக்கிறது. அதன்மேல் கட்டப்பட்டதுதான் பாடி வெயிட் பிளானர் என்ற இலவச இணையக் கருவி. எடை, உயரம், வயது, நடமாட்டம், இலக்கு எடை, எத்தனை நாளில் என்று கொடுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும், இலக்கை அடைந்த பிறகு அங்கேயே நிற்க எவ்வளவு என்று இரண்டையும் சொல்லும். இரண்டாவது எண்ணைப் பெரும்பாலான ஆப்கள் கண்ணிலேயே காட்டுவதில்லை.

நேர்கோட்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒருவர் தினமும் 240 கலோரி நிரந்தரமாகக் குறைக்கிறார். நேர்கோட்டின்படி ஒரு வருடத்தில் 11 கிலோவுக்கு மேல், மூன்று வருடத்தில் 34 கிலோ. ஹால் குழுவின் விதியின்படி தினசரி 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும், அதில் பாதி முதல் வருடத்தில், கிட்டத்தட்ட முழுதும் மூன்று வருடத்தில். அதாவது முதல் வருடம் சுமார் 5 கிலோ, கடைசியில் 10 கிலோவோடு நின்றுவிடும். ஒரு வருடத்திலேயே நேர்கோடு இரண்டு மடங்கு ஆசை காட்டுகிறது.

சரி, இதில் குறை இல்லையா? இருக்கிறது. தொடக்கச் செலவை இதுவும் சூத்திரத்திலிருந்தும் நீங்கள் சொல்லும் நடமாட்டத்திலிருந்தும்தான் எடுக்கிறது. உங்களைப் போன்ற உடலமைப்பு உள்ள சராசரி ஆளுக்கான கணிப்பு அது, உங்களுக்கானது இல்லை. ஒரு மாதம் கழித்து வெயிங் மெஷின் வேறு கதை சொன்னால் அது தானாகத் தெரிந்துகொள்ளாது. நீண்ட காலத் திட்டம் போட அருமையான கருவி, வாராவாரம் பார்க்க உதவாது.

போக்கை மட்டும் பார்ப்பவை

ஆண்ட்ராய்டில் லிப்ரா, ஐபோனில் ஹேப்பி ஸ்கேல். காலையில் எடை பார்த்துப் போட்டால் போதும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காது. தினசரி எடை ஆடுவதைச் சமன்செய்து ஒரு கோடு வரையும், இந்த வேகத்தில் போனால் இலக்கு எப்போது என்று சொல்லும். ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1990-களில் இதை எளிமையாகச் சொல்லிக்கொடுத்தார்: இன்றைய எடைக்கும் நேற்றைய போக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போக்கோடு சேர். நேற்று போக்கு 80.0, இன்று மெஷினில் 81.2 என்றால் புதிய போக்கு 80.1. உப்பு கூடிய ஒரு நாள் சாப்பாடு உங்களைக் கலங்கவைக்காது.

எழுதுவதில் பொய் வர வாய்ப்பே இல்லை என்பது இதன் பெரிய பலம். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. என்ன டயட் இருந்தாலும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவை அளந்து பார்த்ததில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, அளவு கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பதிவின் மேல் கட்டிய கணிப்பைவிட வெறும் எடைக் கோடு எவ்வளவோ மேல்.

பலவீனம் என்றால், அது பின்னால் பார்த்து ஓட்டுகிறது. சாப்பாட்டை இன்று மாற்றினால் கோடு திரும்பச் சில வாரம் ஆகும். அப்புறம் தொடக்கத் தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் கிளைகோஜனும் தண்ணீரும் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ போகலாம், கோடு உடனே இலக்குத் தேதியை முன்னுக்கு, அடுத்த மாதத்துக்கே இழுத்துவிடும். நம்பாதீர்கள்.

தன்னைத் திருத்திக்கொள்பவை

இந்த வகையில் பிரபலமானது மேக்ரோஃபேக்டர், 2021-ல் வந்தது, கட்டண ஆப். சூத்திரத்தை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு நீங்கள் எழுதிய கலோரியையும் எடைப் போக்கையும் பார்த்து உங்கள் செலவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் கீழே இருக்கும் கணக்கு.

28 நாள் சராசரியாக 1,800 என்று எழுதியிருக்கிறீர்கள், போக்கு எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. 7,700-ஐ 28-ஆல் வகுத்தால் 275. ஆக உங்கள் செலவு 2,075. உண்மையில் தினமும் 300 கலோரி எழுதாமல் விட்டிருந்தால்? நிஜமாகச் சாப்பிட்டது 2,100, நிஜச் செலவு 2,375. ஆப்புக்கு இரண்டுமே தெரியாது, தெரியவும் வேண்டாம். பதிவில் 1,600-க்கு இறங்குங்கள் என்று அது சொன்னால், அதே 300-ஐ விட்டுவிட்டே எழுதினாலும் நிஜப் பற்றாக்குறை 475, ஆப் நினைக்கும் பற்றாக்குறையும் 475. நான்கு வாரத்துக்கு 1.7 கிலோ என்று அது கணித்தால் ஏறக்குறைய அதுவே நடக்கும். தப்பு ஒரே மாதிரி இருந்தால் கணிப்பைக் கெடுப்பதில்லை. நேர்கோட்டில் பரிசு வாங்கித் தந்த அதே மறதி, இங்கே உங்கள் செலவைக் குறைத்துக் காட்டி அடுத்த மாத ஒதுக்கீட்டில் கைவைக்கிறது.

ஒரே மாதிரி இல்லாத தப்புதான் இதற்கு எமன். வார நாளில் கிராம் கணக்கில் எழுதிவிட்டு வார இறுதியில் காலைச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள், பாதி நாள் எழுதுவதைவிட அந்த நாளைக் காலியாக விட்டுவிடலாம். தண்ணீர் இதையும் ஏமாற்றும்: இரண்டு வாரத்தில் 1.5 கிலோ தண்ணீர் போனால், எந்தச் சமனும் செய்யாத கணக்கில் அது ஒரு நாளைக்கு 825 கலோரி கூடுதல் செலவாகத் தெரியும். சமன்செய்யும் ஆப்பில் அது சிறிதாகும், முழுதும் போகாது. முதல் மூன்று வாரத்துக்கு எந்த ஆப் எந்த எண்ணைக் காட்டினாலும் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கைக்கடிகாரத்தை இணைத்தால் எல்லாமே துல்லியமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவை, கலோரியில் சொதப்பின: இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தள்ளி, மோசமானது 93 சதவீதம் தள்ளி. அமைப்பில் அதிக நடமாட்டம் என்றும் போட்டுவிட்டு உடற்பயிற்சியைத் தனியாகவும் சேர்ப்பவர்களுக்கு ஒரே வியர்வை இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது.

ஆக, ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரைக்கான கணிப்பு வேண்டும், விடாமல் எழுதவும் பொறுமை இருக்கிறது என்றால் நான்காவது வகை. எழுதப் பிடிக்காது என்றால் யோசிக்காமல் மூன்றாவது, இலவசமாகவே ஓரளவு முடிந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் யோசிப்பவர்கள் பாடி வெயிட் பிளானரில் ஒருமுறை போட்டுப் பார்த்து, இலக்கு எடையில் நிற்க எவ்வளவு சாப்பிடலாம் என்ற அந்த எண்ணோடு வாழ முடியுமா என்று யோசிக்கட்டும். முதல் வகையின் 5 வார எண்ணை நான் எதற்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் அதைக் காட்டும் ஆப்பில் சாப்பாட்டுப் பட்டியல் நன்றாக இருந்தால் எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கட்டணம் கொடுக்க மனமில்லாதவர்கள் நான்காவது வகையை ஒரு எக்செல் ஷீட்டிலேயே செய்யலாம். ஒரு நெடுவரிசையில் தினசரி எடை, பக்கத்தில் கலோரி. முதல் வாரச் சராசரி எடையிலிருந்து ஐந்தாவது வாரச் சராசரி எடையைக் கழித்து, 7,700-ஆல் பெருக்கி, 28-ஆல் (முதல் வார நடுவிலிருந்து ஐந்தாவது வார நடு வரை உள்ள நாட்கள்) வகுத்து, வருவதை அந்த 28 நாளின் சராசரிக் கலோரியோடு கூட்டுங்கள். எடை ஏறியிருந்தால் அது மைனஸ் எண்ணாக வரும், பயப்பட வேண்டாம். மாதவிடாய்ச் சுழற்சி உள்ளவர்கள் சுழற்சியின் அதே கட்டத்து வாரத்தோடு ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்களில் கோத்துக்கொள்ளும் நீர் ஒரு மாத உழைப்பையே மறைத்துவிடும். சுழற்சி 28 நாளாக இல்லாவிட்டால் 28 வரும் இடத்தில் உங்கள் நாள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.