மின்னிய பல்செட்டும் உரிந்த பூச்சும்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

மேல் தாடைக்கு முழுப் பல்செட் பொருத்திக்கொண்டவன் நான். கையில் வாங்கிய அன்று அது கண்ணாடிபோல் மின்னியது. அந்த மினுமினுப்பைப் பார்த்தே வேலை சுத்தமாக நடந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். நான்காம் மாதம் முடிவதற்குள், அண்ணத்தை மூடும் தகட்டின் நாக்குப் பக்கத்தில் மெல்லிய சவ்வு போன்ற ஒன்று உரியத் தொடங்கியது. உரிந்த இடங்களில் தேநீர்க் கறை ஏறியது, துலக்கினாலும் போகவில்லை, மாலையானால் வாடையும் அடித்தது.

பொருத்திய இடத்திலேயே கொண்டுபோய்க் காட்டினேன். “அக்ரிலிக் பழசானால் இப்படித்தான், நீங்கள் பற்பசை போட்டு அழுத்தித் தேய்த்திருப்பீர்கள்” என்றார்கள். தகடு செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைப் பற்பசை கீறும் என்பது உண்மைதான். ஆனால் நான் முதல் நாளிலிருந்தே மென்மையான பிரஷ்ஷும் சோப்பு நீரும் தவிர வேறெதையும் பயன்படுத்தியதில்லை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: இலவசமாக இன்னொரு பூச்சு அடித்துத் தருகிறோம் என்றார்கள். பூச்சு என்ற சொல் அப்போதுதான் முதன்முறையாக என் காதில் விழுந்தது. வாங்கும்போது அவர்கள் சொன்னது மெருகேற்றம்.

வேறொரு பல் மருத்துவர் உருப்பெருக்கியின் கீழ் காட்டியபோது விவரம் புரிந்தது. சூட்டில் பதப்படுத்திய அக்ரிலிக் தகட்டை முதலில் பர் எனும் சுழலும் வெட்டுமுனை கொண்டு சீவி, மணல்தாளால் தேய்த்து, பியூமிஸ் என்னும் எரிமலைக் கல்லின் ஈரமான தூளைத் துணிச் சக்கரத்தில் வைத்து மெருகிட்டு, கடைசியில் மெருகுப் பசையால் பளபளப்பாக்க வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் கீறல்களை அழிப்பதற்காகவே இருக்கிறது. என் தகட்டில் பர் இழுத்த கோடுகள் வரிசை வரிசையாக அப்படியே கிடந்தன. இடையிலிருந்த படிகள் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கோடுகளின் மீது, ஒளியில் இறுகும் திரவப் பூச்சை ஒரு கை தடவிப் பளபளப்பை வரவழைத்திருக்கிறார்கள்.

அதைவிட மோசமானது, தகட்டின் தடித்த பகுதியில் தெரிந்த ஊசிமுனைத் துளைகள். அக்ரிலிக் மாவில் கலக்கும் திரவமான மோனோமர் ஏறத்தாழ 100.8 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இறுகும்போது தகடு தானே வெப்பத்தை வெளியிடுவதால், 74 டிகிரி அளவில் மணிக்கணக்கில் பொறுமையாக வைக்க வேண்டியதை அவசரமாகச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் திரவம் கொதித்துக் குமிழாக நின்றுவிடும். மேலே சீவும்போது அக்குமிழ்கள் துளைகளாக வெளிப்படும். எந்த மெருகும் அவற்றை மூடாது, பூச்சு மட்டுமே மறைக்கும். பூச்சு எதற்காக வந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பூச்சே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக மெருகிட்ட தகட்டின் மீது, சொல்லிவிட்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அக்ரிலிக் பழசாகும் என்பதையும் மறுக்கவில்லை. அது வாயில் இருக்கும்வரை நீரை உறிஞ்சிச் சிறிதளவு விரியும், சூட்டிலும் குளிரிலும் மாறிமாறி நனைந்து காலப்போக்கில் நிறம் மங்கும், பலமும் கொஞ்சம் குறையலாம். ஆனால் நான்கே மாதத்தில் அக்ரிலிக் தோல் உரியாது. அடியில் கரடாக இருப்பதுதான் சேதத்தைத் தொடங்கி வைக்கிறது: மேற்பரப்பின் சராசரிக் கரடுமுரடு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப்படலம் தங்குவது அதிகரிக்கும் என்பதே பல் மருத்துவத்தில் வழங்கும் அளவுகோல். காண்டிடா என்னும் பூஞ்சைக்கும் அத்தகைய கீறல்களும் துளைகளும் வசதியான இருப்பிடம். என் அண்ணம் சிவந்து எரிந்ததற்கு, இரவிலும் கழற்றாமல் தூங்கிய என் பழக்கமும் ஒரு காரணம் என்று அந்த மருத்துவர் கடிந்துகொண்டார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பல்செட் வாங்கப் போகிறவர்கள், தகட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, பளபளப்புக்கு அடியில் கோடுகளோ புள்ளிகளோ தெரிகின்றனவா என்று பாருங்கள். மெருகிட்டதா, பூச்சு அடித்ததா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஈறோடு ஒட்டும் உட்புறம் மட்டும் பளபளக்காது. பொருத்தம் கெடாமலிருக்க அதை மெருகிடுவதில்லை என்பதால் அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது பூச்சை நான் ஏற்கவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. வேறிடத்தில் செய்த புதிய செட் இப்போது வாயில் இருக்கிறது. பழையதைக் கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக, அந்தத் துளைகளில் ஏறிய பழுப்புக் கறையோடு எடுத்து வைத்திருக்கிறேன்.