டாக் சுவர்: தனித்து நிற்கட்டுமா, ஸ்லாப் இழுத்துப் பிடிக்கட்டுமா?

லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடைதான் லோடிங் டாக். அதன் அடித்தளச் சுவர் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். லாரியின் தளத்துக்கு ஈடாக ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம், முகப்பில் ரப்பர் பம்பர்கள். ஆனால் உள்பக்கம் முழுக்க மண். மண்ணின் மேல் தரை ஸ்லாப், அதன் மேல் சரக்கும் ஃபோர்க்லிஃப்டும். அஸ்திவாரமாக இருப்பதோடு மண்ணையும் தாங்க வேண்டிய சுவர் இது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபுட்டிங்கை, அதாவது மண்ணுக்குள் அகலமாகப் போடும் கான்கிரீட் அடிப்பகுதியை மட்டும் நம்பித் தனித்து நிற்கும் கான்டிலீவர் சுவர். மற்றது, மேல்முனையைக் கம்பியால் ஸ்லாபோடு கட்டி, ஸ்லாபே இழுத்துப் பிடிக்கும்படி செய்வது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபுட்டிங்கிலிருந்து தரை வரை 1.8 மீட்டர், மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் (மண் தனக்குள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் திறனின் அளவு) 30 டிகிரி, தரைமேல் சுமை சதுர மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கான்டிலீவர் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே சாய்ந்தாலே மண் தளர்ந்து, அழுத்தக் கெழு, அதாவது செங்குத்து அழுத்தத்தில் பக்கவாட்டில் சுவரைத் தள்ளும் பங்கு, மூன்றில் ஒன்றாகக் குறையும். சுவரின் அடியில் வளைவுத் திருப்பம் (சுவரை வளைக்கப் பார்க்கும் விசையின் அளவு) மீட்டருக்குச் சுமார் 19 கிலோநியூட்டன் மீட்டர். இதில் மண்ணின் பங்கு 6 கூட இல்லை, மிச்சம் 13.5-ம் தரைச்சுமையால் வருவது. வெறும் மண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஸ்லாபோடு கட்டிய சுவரோ அசையாது. அதனால் மண்ணும் தளராது, கெழு 0.5 ஆகிவிடும். அழுத்தம் ஒன்றரை மடங்கு. இருந்தும் மேலும் கீழும் பிடிப்பு இருப்பதால் திருப்பம் எட்டரைக்குள் அடங்குகிறது. சுவர் மெலிகிறது, ஃபுட்டிங் சுருங்குகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிக்கனம்.

சரி, அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? மேல்முனையில் மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் இழுவிசை. 200 மில்லிமீட்டர் ஸ்லாப் தன் எடையால் தரும் உராய்வு சதுர மீட்டருக்கு இரண்டரைதான். 1.5 பாதுகாப்புக் காரணியோடு பார்த்தால், சுவரிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர் ஸ்லாப் ஒரே துண்டாக இழுபட வேண்டும். நடுவில் சுருக்க ஜாயின்ட் (கான்கிரீட் சுருங்கும்போது விரிசல் அங்கேயே விழட்டும் என்று வெட்டும் கோடு) வெட்டி, கம்பியும் அங்கே தொடராவிட்டால் பிடிப்பு அந்த ஜாயின்டோடு முடிந்தது. சரக்கின் எடை உராய்வைக் கூட்டும்தான். ஆனால் சரக்கு எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை. இன்னொரு சிக்கல், கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுவரிலிருந்து வந்த கம்பி அதைச் சுருங்க விடாது. கம்பி முடியும் இடத்தில், சுவருக்கு இணையாக ஒரு விரிசல் ஓடும். ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் நாள் முழுக்க ஏறி இறங்குவதும் அதே இடத்தில்தான்.

அப்புறம் டாக் லெவலர், அதாவது மேடைக்கும் லாரித் தளத்துக்கும் நடுவே பாலமாக ஏறி இறங்கும் தட்டு. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் சுமார் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு குழி. அங்கே தரை ஸ்லாப் கிடையாது, பிடிப்பும் கிடையாது. கதவுகள் 3.6 மீட்டருக்கு ஒன்று என்றால் சுவரின் பாதி நீளத்துக்கும் மேல் மேல்முனை அந்தரத்தில். குழியின் தளத்தையும் பக்கச் சுவர்களையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அப்போது அது வேறு வடிவமைப்பு. பத்து வருடம் கழித்து இன்னொரு லெவலருக்காக ஸ்லாபை அறுப்பவர், தான் அறுப்பது சுவரைப் பிடித்திருக்கும் கை என்று எப்படி அறிவார்?

கட்டும்போதும் ஆபத்து உண்டு. மண் நிரப்பி, ரோலர் ஓட்டிக் கெட்டிப்படுத்திய பிறகுதான் ஸ்லாபே வரும். அதுவரை இந்த மெல்லிய சுவரும் கான்டிலீவர்தான். வெளியே தற்காலிக முட்டு வேண்டும், அல்லது அந்த நிலைக்கும் சேர்த்துக் கம்பி போட வேண்டும்.

அதனால் லெவலர் வரும் டாக் என்றால் நான் கான்டிலீவரைத்தான் எடுப்பேன். அதிலும் வேலை குறைவில்லை. பெரும்பாலும் ஃபுட்டிங் அகலத்தைத் தீர்மானிப்பது கவிழ்வதைவிட வழுக்கல்தான். சுமை ஃபுட்டிங்கின் உள்நீட்டத்துக்கு (மண் பக்கம் நீளும் பகுதிக்கு) அப்பால் மட்டும் நிற்கும் நிலையையும் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி ரோலர் போகாது, அங்கே மண் அமுங்கும். எனவே ஸ்லாபின் விளிம்பைச் சுவரில் ஒரு படி வைத்து உட்கார வையுங்கள். இடையில் வழுக்கும் தாள் போட்டால் செங்குத்தாகத் தாங்கும், கிடையாக நகரவும் விடும்.

குழியே இல்லாத வெறும் மேடை, தொடர்ச்சியான கம்பியுள்ள ஸ்லாப், வேலை வரிசையைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒப்பந்ததாரர் என்று எல்லாம் அமைந்தால், ஸ்லாபோடு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'ஸ்லாப் இறுகும் வரை சுவருக்குத் தற்காலிக முட்டு கொடு' என்பதும், 'சுவரிலிருந்து 10 மீட்டருக்குள் ஸ்லாபை அறுக்காதே' என்பதும் வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: ஃபுட்டிங்கின் ஆழத்தை லாரி நிற்கும் பக்கத் தரையிலிருந்து அளக்க வேண்டும். உறைபனி இறங்கும் ஊர்களில் குளிர் நுழைவது அந்தப் பக்கமிருந்துதான்.