‘21 நாளில் பேபி ஸ்வெட்டர்’ கிட் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்

திருப்பூரில் இருந்துகொண்டு நிட்டிங் கற்றுக்கொள்ள ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தேன் என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஊரில் தெருவுக்குத் தெரு நிட்டிங் மெஷின் ஓடுகிறது, ஆனால் இரண்டு ஊசியை வைத்துக் கையால் பின்னச் சொல்லித்தர ஒரு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. குன்னூரில் இருக்கும் அக்காவுக்குத் தை மாதம் இரண்டாவது பிரசவம், அந்தக் குளிருக்கு என் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் 21 நாளில் பின்னலாம் என்ற விளம்பரம் சரியாக அந்த நேரத்தில் கண்ணில் பட்டது.

2,499 ரூபாய். அதற்கு 200 கிராம் மெரினோ கம்பளி நூல், ஒரு ஜோடி ஊசி, பின்னும் முறை எழுதிய பேட்டர்ன் பிடிஎஃப், தினமும் லைவ் கிளாஸ். பணம் போனதும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள், அதில் அட்மின் மட்டும்தான் பேச முடியும். லைவ் கிளாஸ் என்பது இரவு 8 மணிக்கு வரும் ஒரு வீடியோ லிங்க், அவ்வளவுதான். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

வீடியோவில் முகம் தெரியாது. ஒரு மேஜை, இரண்டு கைகள், மேலே ஒரு பெண் குரல் தமிழில் சொல்லிக்கொண்டே போகும். “வலது ஊசியைக் கண்ணிக்குள் விடுங்கள்” (கண்ணி என்றால் ஊசியில் இருக்கும் நூல் வளையம்) என்று குரல் சொல்லும், படத்தில் இடது ஊசி உள்ளே போகும். நான் குரலைக் கேட்பதா, கையைப் பார்ப்பதா? ஒரு வரிசை குரலுக்கு, அடுத்த வரிசை படத்துக்கு என்று பின்னியதில் நூலைச் சுற்றும் திசை மாறி மாறிப் போய், கண்ணிகள் முறுக்கிக்கொண்டு ஊசியில் நகரவே மாட்டேன் என்றன. பிரித்தேன், பின்னினேன், மறுபடியும் பிரித்தேன். பன்னிரண்டு நாள் இப்படியே. எனக்குக் கை வராது போல என்று ஒரு ராத்திரி அழுதுகூட விட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதிமூன்றாம் நாள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது அந்த மேஜையின் ஓரத்தில் ஒரு அளவு டேப் கிடந்தது கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் 5 திரும்பி நின்றது, 7 திரும்பி நின்றது. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லா எண்ணும் இடம் வலம் மாறி இருந்தன. யாரோ எடுத்த வீடியோவைச் சுட்டு, கண்டுபிடிக்க முடியாதபடி இடம் வலமாகத் திருப்பி, அதன் மேல் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். வலது கைக்காரர் பின்னியது இடது கைக்காரர் பின்னுவது போல ஆகிவிட்டது. என் கையில் ஒரு கோளாறும் இல்லை.

சரி, பாடம்தான் திருட்டு, நூலாவது ஒழுங்கா என்று அடுத்த சந்தேகம் வந்தது. எங்கள் சித்தப்பா சாயப்பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். “ஒரு இழை குடு கண்ணு” என்று வாங்கி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேல் வைத்துத் தீக்குச்சி காட்டினார். கருப்பாகப் புகைந்து, உருகி, நுனியில் சின்னதாக ஒரு உருண்டை. ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. நிஜக் கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணைந்துபோகும், மிச்சம் விரலில் பொடியாக உதிரும். “இது அக்ரிலிக் மாதிரி இருக்குது, மெரினோன்னு எவன் சொன்னான்?” என்றார். அக்ரிலிக் என்பது செயற்கை நூல், ஒன்றும் மோசமான நூல் இல்லை, துவைக்க லேசு, விலையும் குறைவு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அக்ரிலிக் என்று சொல்லி அந்த விலைக்கு விற்க வேண்டும். சமையல் தராசில் நான்கு உருண்டையையும் வைத்தேன், எல்லாம் சேர்த்து 161 கிராம். லேபிளில் எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று சொல்லும் லாட் நம்பர் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு உருண்டை மட்டும் ஒரு சாயல் கூடுதல் மஞ்சள்.

இதைவிட எரிச்சல் ஊசி விஷயம். பிடிஎஃப்பில் 8 நம்பர் ஊசி, 45 கண்ணி, முதுகுப் பக்கம் 10 இஞ்ச் வரும் என்று இருந்தது. கிட்டில் வந்ததும் 8 நம்பர் ஊசிதான். நான் பின்னியதில் அகலம் வந்ததோ 8 இஞ்ச். விஷயம் என்னவென்றால் அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடைகளில் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது 4 மில்லிமீட்டர். பேட்டர்ன் அமெரிக்கக் கணக்கு, ஊசி பிரிட்டிஷ் கணக்கு; ஊசி மெலிந்தால் பின்னலும் சுருங்கும். பேட்டர்னையும் எங்கிருந்தோ அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒரு தடவையாவது பின்னிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்டதற்கு வந்த பதில்: “நீங்க ரொம்ப இறுக்கிப் பின்றீங்க மேடம், ரிலாக்ஸ் பண்ணுங்க.”

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நூலைப் பிரித்துவிட்டதால் முடியாதாம், அடுத்த கோர்ஸுக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். அன்றே குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நல்ல வேளை, வீடியோவை முன்பே ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து வைத்திருந்தேன். 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், விற்றவரிடம் பதில்தான் கேட்பார்கள், ஆனாலும் புகார் நம்பர் கையில் வந்ததும் கூப்பன் 500 என்பது “பாதிப் பணம் தர்றோம் மேடம்” என்று மாறியது. ஒத்துக்கொள்ளவில்லை. ஆன்லைனில் விற்கிறவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளில் இருக்கிறது. அதைக் காட்டியே மெயில் போட்டிருக்கிறேன். மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன் ஒரு பாடத்தையாவது முழுதாகக் காட்டச் சொல்லுங்கள், ஊசியை நம்பரில் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள், பார்சலைப் பிரிப்பதையும் எடை போடுவதையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

போன வாரம் குன்னூர் போனபோது அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா நான் பின்னுவதைப் பார்த்துவிட்டு, “இடது கையா பாப்பா?” என்று கேட்டார்கள். இல்லைங்கம்மா, வலதுதான் என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்கள், அப்புறம் ஊசியை வாங்கிக் கை மாற்றிப் பிடிக்க வைத்து, ஒரே சாயங்காலத்தில் இருபது வரிசை பின்ன வைத்துவிட்டார்கள். தை மாதத்துக்குள் ஸ்வெட்டர் முடியாது. குல்லா முடியும்.