றப்பரில் பறக்கும் டெரனோடன்: சாமான் நல்லது, விளக்கத்தாள் பிழை

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் விளையாட்டுச் சாமான் கடைகள் சிலவற்றில் இப்போது தொங்கும் பச்சைப் பெட்டிக்குள் இருப்பது, றப்பர் முறுக்கில் இறக்கையடித்துப் பறக்கும் ஒரு டெரனோடன் பொம்மை. டெரனோடன் என்பது டைனோசோர் காலத்தில் பறந்த ஊர்வனவான டெரோசோர்களில் ஒன்று. செய்தவர் பெயர் பெட்டியில் இல்லை. விலை கடைக்குக் கடை மாறுகிறது. மூவாயிரம் ரூபாவுக்கு மேல் கேட்டால் வேண்டாம். ஒழுங்காகப் பூட்டினால் பறக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வரும் தாளில், டெரோசோர்கள் மலையுச்சியில் இருந்து பாய்ந்து மிதந்து இறங்கியவை, இறக்கையடிக்கும் பலம் அவற்றுக்கு இருக்கவில்லை என்று அச்சடித்திருக்கிறார்கள். இறக்கையடிக்கும் பொம்மையை விற்றுக்கொண்டே இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். 25 சென்ரிமீற்றர் பல்சா முதுகுத்தடி, இரண்டு மூங்கில் இறக்கைக் கம்புகள், றப்பர் அவிழும்போது சுழன்று இறக்கையை அசைக்கும், கம்பியில் வளைத்த கிராங், இரண்டு பிளாஸ்ரிக் இணைப்புத் தண்டுகள், மெல்லிய பிளாஸ்ரிக் தாள், வால், 3 மில்லிமீற்றர் அகல றப்பர். விரித்தால் இறக்கை 42 சென்ரிமீற்றர்.

பெரும்பாலானோர் பிழைவிடுவது இறக்கைத் தாளை ஒட்டும்போதுதான். பட்டத்துக்கு ஒட்டுகிற பழக்கத்தில் இழுத்து விறைப்பாக ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டினால் இறக்கை மேலும் கீழும் அடிக்கும், பொம்மை முன்னுக்குப் போகாது. முன்விளிம்புக் கம்பு கீழே இறங்கும்போது பின்விளிம்பு சற்றுப் பிந்தி வர வேண்டும். அந்தப் பிந்தலில் இறக்கை முறுகி, காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தள்ளுவிசை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. நடுவில் விரலால் அமத்தினால் தாள் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை தாழ வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் விளிம்பு படபடவென்று அடித்து முறுக்கை வீணாக்கும்.

அடுத்தது இணைப்புத் தண்டுகள். பெட்டிக்குப் பெட்டி இவற்றின் துளைகள் அரை மில்லிமீற்றர் முன்பின்னாக இருக்கின்றன. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசியால் துளை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்கள். பொருந்தாவிட்டால் ஒரு இறக்கை மற்றதைவிட உயர ஏறும், பொம்மை ஒரே பக்கமாகச் சுற்றி விழும். வாலைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

வாலின் பின்நுனி சுமார் 10 பாகை மேலே நிமிர்ந்திருக்கட்டும். மூக்கை உயர்த்தி நின்று பொத்தென்று விழுந்தால் வாலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது மூக்கில் பயறளவு களிமண் ஒட்டுங்கள். நேரே தலைகுத்தினால் வாலை இன்னும் நிமிர்த்துங்கள். முதலில் 50 சுற்றுத்தான். நடத்தை சரியென்று கண்ட பிறகு 150 வரை போகலாம். கிராங்கைக் கையால் சுற்றினால் கம்பி வளைந்துபோகும். பின்கொக்கியில் இருந்து றப்பரைக் கழற்றி, கைத்துளைப்பானில் ஒரு கொக்கி மாட்டி, றப்பரை மூன்று மடங்கு நீட்டிப் பிடித்துச் சுற்றுவதே முறை. தேங்காயெண்ணெய் பூச வேண்டாம், றப்பர் ஊறி நொந்துவிடும். கிளிசரினும் சவர்க்கார நீரும் கலந்து தடவினால் போதும்.

கல்லடிக் கடற்கரையில் விடுவதென்றால் விடிந்தவுடன், கடற்காற்று எழும்ப முன்னம். கச்சான் வீசும் மாதங்களில் வெளியே கொண்டுபோகவே வேண்டாம், பாடசாலை மண்டபம்தான் சரி. எறியாமல், மட்டமாகப் பிடித்து மெல்லத் தள்ளிவிட்டால் பத்து வினாடி வரை நிற்கும்.

இனி அந்த விளக்கத்தாளுக்கு வருவோம். டெரனோடன் என்று 1876இல் அமெரிக்க ஆய்வாளர் மார்ஷ் பெயரிட்ட விலங்கின் எலும்புகள் அமெரிக்காவின் கன்சாசில், பழைய உள்நாட்டுக் கடலின் அடியில் படிந்த சுண்ணப்பாறையில் கிடைக்கின்றன. அந்த இடம் அன்றைய கரையில் இருந்து வெகு தூரம். மிதந்து கீழே இறங்க மட்டும் தெரிந்த விலங்குக்கு அங்கே என்ன வேலை? எலும்பும் அதையேதான் சொல்கிறது. நெஞ்செலும்பு அகன்ற தட்டு. மேற்கை எலும்பில் தோளோரமாக, இறக்கையைக் கீழே இழுக்கும் தசை பற்றிக்கொள்ள அகன்று முறுகிய முனைப்பு. தோள்பட்டை எலும்பு அசையாமல் ஊன்றுவதற்கென்றே முதுகெலும்புகள் சில ஒன்றாய் இணைந்திருக்கின்றன. மிதந்து மட்டும் இறங்கும் பறக்கும் அணிலிடம் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. நீண்ட, ஒடுங்கிய இறக்கை கொண்ட டெரனோடன் கடற்காற்றில் இறக்கையடிக்காமல் நெடுநேரம் வட்டமிட்டிருக்கும் என்பது வேறு கதை. நம் வாவிக்கு மேல் செம்பருந்தும் அப்படித்தான் வட்டமிடுகிறது, அதற்காக அதற்கு இறக்கையடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

உண்மையான வாதம் ராட்சத டெரோசோர்களைப் பற்றியது. டெக்சாசில் 1971இல் கண்டெடுத்த கெட்சல்கோட்லஸ் இறக்கை விரித்தால் 10 மீற்றரைத் தொடும். 2010இல் ஒரு கணக்கு அதன் எடையை 540 கிலோவுக்கு மேல் வைத்து, பறந்திராது என்றது. அதே ஆண்டு ஆய்வாளர்கள் விற்றனும் ஹபீபும் 200 முதல் 250 கிலோ என்று கணித்து, பறந்தது என்றார்கள். ஹபீபின் கருத்துப்படி இவை கூழைக்கடா போல ஓடிக் கிளம்பவில்லை; நான்கு காலில் நின்று, பறப்பதற்கென்று தடித்த முன்கைகளாலேயே தரையை உதைத்து எழும்பின. எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாலும் பின்கால் எலும்பைவிட முன்கை எலும்பு அவ்வளவு பலமாக இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இன்னும் வரவில்லை.

பொம்மைக்கும் விலங்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு வால். டெரனோடனுக்கு இருந்தது ஒரு குட்டை வால், பொம்மைக்கு அகல வால் இல்லாவிட்டால் ஒரு மீற்றர்கூடப் போகாது. 1980களில் அமெரிக்கப் பொறியியலாளர் போல் மக்கிறெடி கெட்சல்கோட்லஸின் பாதியளவில், 5.5 மீற்றர் இறக்கையோடு ஒரு இயந்திரம் செய்தார். இறக்கையடித்துப் பறந்தது. ஆனால் வாலில்லாமல் அதை நிதானமாக வைத்திருக்கக் கணினி தேவைப்பட்டது. 1986 மே மாதம் அமெரிக்காவின் அன்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் கூட்டத்தின் முன்னால் விழுந்து நொறுங்கியது. விலங்கில் அந்த வேலையைச் செய்தது மூளையும், மணிக்கட்டில் இருந்து நீண்டு இறக்கையின் முன்பக்கத் தோலை ஏற்றி இறக்கிய ஒரு சிற்றெலும்பும், இறக்கைத் தோலுக்குள் ஓடிய விறைப்பான நார்களும். அந்த நார்கள்தான் பின்விளிம்பு படபடக்காமல் பார்த்துக்கொண்டன. பொம்மையில் அதற்கு ஈடு ஏதும் இல்லை. வேண்டுமானால் பின்விளிம்பில் இருந்து உள்நோக்கி ஒடுக்கமான செலோரேப் கீற்றுகள் மூன்று ஒட்டிப் பாருங்கள், படபடப்பு நன்றாகக் குறையும்.

உதிரியாக றப்பர் தருவதில்லை என்பது ஒரு குறை. முதலில் அறுவது அதுதான், ஆகவே வாங்கும்போதே கடைக்காரரிடம் இன்னொரு முழம் கேட்டு வாங்கிவிடுங்கள்.